வேலிப் பொட்டால் போன வெள்ளம்

மழைநீர் வடிய வெட்டுகிற வாய்க்காலாகிய வெள்ளக் கானைப் பற்றி எழுத நான் யார் என்று வாசகர்கள் கேட்டால் என்னிடம் பதில் இல்லை. கன்னியாஸ்திரிமாரின் பள்ளிக்கூடத்தில் ஏழாம் வகுப்பு வரை படித்தவள் நான். நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் வாய் திறக்கத் தெரியாதவள். இந்தத் தொடரில் என் கலியாணத்தையும் கப்பற்காரரையும் பற்றி எழுதியபோதே எனக்குக் கை கூசியது. கான் வெட்டுவதும் மதகு கட்டுவதும் எஞ்சினியர்மாரும் கிராமச் சங்கத்துப் பெரியவர்களும் எழுத வேண்டிய விஷயங்கள். அவர்கள் எழுதுவார்கள் என்று இத்தனை காலம் பார்த்திருந்தேன். ஒருவரும் எழுதவில்லை. ஆகவே, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டு நானே எழுதுகிறேன்.

இறுகி நின்ற வண்டில்

அந்தப் பகலை நினைத்தால் முதலில் வருவது நீறாத சுண்ணாம்பின் நெடி. வேலிகளுக்கு நடுவே ஓடுகிற சிறு தெருவான எங்கள் ஒழுங்கையில் ஒரு மாட்டு வண்டில் இறுகி நிற்கிறது. வண்டில் நிறையச் சுண்ணாம்பும் கல்லும். இரண்டு சில்லுகளும் இரண்டு பக்கத்து வேலிகளிலும் உரசி, வேலியில் கட்டிய ஓலைக் கிடுகைக் கிழித்துக்கொண்டு நிற்கின்றன. மாடுகள் முன்னுக்கும் போகமாட்டாமல் பின்னுக்கும் வரமாட்டாமல், கிழிந்த கிடுகை மெல்லத் தொடங்கிவிட்டன.

வண்டிலுக்குப் பின்னால் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்பவர் ஓவசியர். புங்குடுதீவு இறுப்பிட்டியைச் சேர்ந்தவர். தெருவும் மதகும் பார்க்கிற உத்தியோகம். தலையில் தொப்பி, காற்சட்டைக்குக் கீழே செம்மண்.

ஒழுங்கையில் ஆள் அரவம் இல்லை. ஆனால் ஒவ்வொரு வேலிக்கும் பின்னால் ஆட்கள் நின்றார்கள். நானும் நின்றேன். அடுத்த வீட்டு அன்னம்மா அக்காவின் வேலிக்குப் பின்னால், அவவுக்குப் பக்கத்தில். அவதான் என் காதுக்குள் சொன்னா, “வண்டிலுக்கு வயிறு ஊதிப்போச்சுதடி” என்று.

ஓவசியர் யாரைப் பார்த்தென்றில்லாமல் பொதுவாகக் கேட்டார். “போன முறை நான் சங்கிலி பிடிச்சு அளக்கேக்கை இந்த ஒழுங்கையாலை வண்டில் போகும். இப்ப என்ன, வெயிலுக்குச் சுருங்கிப்போச்சுதோ?”

அவர் கிட்ட வந்து வேலியில் ஒரு தடியைப் பிடித்து இழுத்தார். அது அப்படியே கையோடு வந்தது. அது நட்டு வளர்த்த கதியால் இல்லை, காய்ந்த பனை மட்டை. ஓட்டைக்குள்ளால் எட்டிப் பார்த்தார். ஒரு முழம் உள்ளே, வேர்விட்டுத் தழைத்த கதியால்களோடு உண்மையான வேலி நின்றது.

மனிதர் கோபிப்பார் என்று நினைத்தேன். அவர் வண்டிலின் பின்பலகையில் குந்தியிருந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

நடந்தது இதுதான். வெள்ளக் கான் வெட்டுவதற்காக ஒவ்வொரு வீட்டாரும் ஒழுங்கைப் பக்கத்தில் ஒரு முழம் நிலம் விடவேண்டும் என்று சங்கம் கேட்டிருந்தது. எங்கள் யாழ்ப்பாணத்து மனிதரிடம் எதைக் கேட்டாலும் கேட்கலாம், வேலியை உள்ளே தள்ளக் கேட்கக்கூடாது. ஒருவரும் மாட்டேன் என்று சொல்லவில்லை. எல்லாரும் ஓமென்று சொல்லிவிட்டு, ஒருவருக்கொருவர் சொல்லாமல், தங்கள் வேலிக்கு முன்னால் ஒழுங்கைக்குள் ஒரு முழம் தள்ளி இன்னொரு வேலியை நட்டுவிட்டார்கள். பிறகு அந்த முழத்தைத் திருப்பிக் கொடுத்தால் நிலமும் போகாது, பேரும் கெடாது. எல்லாருக்கும் ஒரே யோசனை ஒரே கிழமையில் வந்ததுதான் பிழையாகிவிட்டது.

எங்கள் வீட்டில் மட்டும் அப்படிச் செய்யவில்லை. அதில் எனக்குப் பெருமை ஒன்றுமில்லை. எங்கள் வேலி போன மாரியில் விழுந்தபடியே கிடந்தது.

பள்ளத்து வீடு

எங்கள் ஒழுங்கை ஊர்காவற்றுறைப் பட்டினத்தின் பெரிய தெருவிலிருந்து பிரிந்து கடற்கரைப் பக்கமாகச் சரிந்து இறங்குவது. சந்தையில் விழுகிற மழையும், பண்டகசாலைக் கூரைகளில் விழுகிற மழையும், தெருவில் விழுகிற மழையும் அந்தச் சரிவால் எங்களிடம்தான் வரும். வழியில் உள்ள வீட்டு வளவுகளின் தண்ணீரும் அதோடு சேரும். கடைசி வளவு எங்களுடையது. அதைத் தாண்டினால் மாடுகள் தண்ணீர் குடிக்கிற குளம். குளத்துக் கட்டு உயரம். ஆகையால் வந்த வெள்ளம் குளத்துக்குள் போகமாட்டாமல் எங்கள் முற்றத்தில் தங்கிவிடும்.

அந்த வளவு என் சீதனம். என் அம்மா கருவாடு போட்டுப் பாடுபட்டு வாங்கியது. மண் சுவர், பனையோலைக் கூரை. எனக்குக் கலியாணமான அந்த வீட்டிலேயே அம்மாவும் கண்ணை மூடினா.

போன மாரியில் குசினிச் சுவர் கரைந்து விழுந்தது. விழுந்தபோது பெரிய சத்தம்கூட இல்லை. நனைந்த பாண் ரொட்டி இடிகிறதுபோல இருந்தது. அடுப்பும் உலைமூடியும் தண்ணீரில் மிதந்ததைப் பார்த்துக்கொண்டு நானும் சவிரிமுத்துவும் கட்டிலின்மேல் இருந்தோம். சவிரிமுத்து என் கணவர். தீவுகளுக்குச் சாமான் ஏற்றும் வத்தைத் தோணி ஒன்றில் வேலை செய்தார்.

அன்றைக்கு அவர் சொன்னார். “இஞ்சேரும், அடுத்த மாரிக்கும் வீட்டுக்குள்ளை தண்ணி ஏறினா இந்த வளவை வித்துப்போட்டுச் சுருவிலுக்கு, அக்கா வீட்டை போவம். இனி என்னாலை ஏலாது.”

அவர் கெட்ட மனிதர் இல்லை. கடலிலும் தண்ணீர், வீட்டிலும் தண்ணீர் என்றால் ஒரு மனிதன் எங்கே காலை வைப்பது? நான் “ஓம்” என்றேன். சுருவிலில் இருந்த அவரின் அக்கா, என் மச்சாள், நல்லவதான். ஆனால் அவவின் குசினியில் உப்புப் போடுவதற்கும் நான் கேட்டுத்தான் போடவேண்டும். அடுத்த மாரிவரைக்கும்தான் எனக்கு வீடு இருந்தது.

இங்கே ஒரு பழைய கதை சொல்லவேண்டும். என் ஐயாவின் காலத்தில் பாய்க்கப்பல்காரர் துறையில் நங்கூரம் போட்டுவிட்டுப் பீப்பாய்களோடு எங்கள் ஒழுங்கைக்கு வருவார்களாம். பட்டினத்துக் கிணறுகள் பலவும் உவராக இருக்க எங்கள் ஒழுங்கைக் கிணறுகள் மட்டும் நல்ல தண்ணீர். கப்பற்காரர் அள்ள அள்ள எங்கள் பெண்கள் முகம் சுளிப்பார்களாம். ஐயா மட்டும், இந்தத் தண்ணீர் நாகபட்டினம் வரை போகிறது என்று நெஞ்சை நிமிர்த்துவாராம். அந்தத் தண்ணீர் ஏன் நன்றாக இருந்தது என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது.

விழுகிற மழைக்குப் பங்கு

ஒழுங்கையின் மேல்முனையில் பெரிய கல்வீடு. அதில் இருந்தவரை எல்லாரும் ஸ்ரேசன் ஐயா என்போம். மலாயாவில் ரயில் ஸ்ரேசன் மாஸ்டராக இருந்து பென்சனோடு ஊருக்கு வந்தவர். கிராமச் சங்கத்தில் எங்கள் வட்டாரத்துக்கு அவர்தான் அங்கத்தவர். வெள்ளக் கான் வேண்டுமென்று சங்கத்தில் கேட்டவரும் அவர்தான்.

சங்கத்தில் பணம் குறைவு. பொது இடத்துக்கு மட்டும்தான் செலவழிக்கலாம் என்று சட்டமும் இருந்தது. கல்லும் சுண்ணாம்பும் ஒரு மேசனும் தருகிறோம், வெட்டுகிற வேலையும் மேசனின் கூலியும் ஒழுங்கைக்காரரின் பொறுப்பு என்று அவர்கள் முடிவு சொன்னார்கள்.

அதைப் பங்கு பிரிக்க ஆண்கள் பள்ளிக்கூட விறாந்தையில் கூடினார்கள். சவிரிமுத்து போய்வந்து எனக்குச் சொன்னதைத்தான் எழுதுகிறேன். மேல்வீட்டுக்காரர் ஒருவர் எழும்பி, “எங்கடை வளவிலை தண்ணி நிக்கேல்லை. நிக்கிறவை வெட்டட்டும்” என்றாராம். மற்றவர்களும் அதுதானே என்றார்களாம்.

ஸ்ரேசன் ஐயா கதிரையை விட்டு எழும்பவில்லை. “நிக்கேல்லைத்தான். ஆனா உங்கடை முற்றத்திலை விழுந்துதானே கீழை போகுது? ஆரின்ரை வளவிலை கனக்க மழை விழுகுதோ அவர் கனக்கத் தரவேணும். என்ரை வளவுதான் பெரிசு. அதுக்கு மேலை, நான் முற்றத்துக்குச் சீமெந்து போட்டிருக்கிறன், அது ஒரு சொட்டுக் குடியாது. எனக்கு ரெண்டு பங்கு எழுதுங்கோ.”

பிறகு மற்றவர்களும் ஒவ்வொருவராகத் தங்கள் பங்கை எழுதக் கொடுத்தார்களாம். சவிரிமுத்து இதைச் சொல்லும்போது சோற்றைப் பிசையாமல் கையை நிறுத்திவிட்டுச் சொன்னார். இப்போதும் பட்டினங்களில் கான் வரி பற்றிப் பத்திரிகையில் சண்டை வருகிறபோதெல்லாம், எங்கள் ஒழுங்கையில் அந்தச் சண்டை ஒரு பின்னேரத்தில் தீர்ந்தது என்று எனக்குள் ஒரு நிமிர்வு வரும்.

தண்ணீரை எங்கே விடுவது என்ற கேள்வியும் அன்றைக்கு வந்தது. கடல் கிட்ட இருக்கிறது, நேராகக் கடலுக்கு விடலாம் என்று சிலர் சொல்ல, ஓவசியர்தான் தடுத்தாராம். “எங்கடை புங்குடுதீவிலை மழைத் தண்ணியைக் கடலுக்கு விடுறவனை மனிசனெண்டு சொல்லாயினம். குளத்துக்கு விடுங்கோ. மிஞ்சினது கடலுக்குப் போகட்டும். இல்லாட்டி உங்கடை கிணறெல்லாம் நாலு வருசத்திலை உவர்த்துப்போம்.” கப்பற்காரர் அள்ளிய தண்ணீர் நன்றாக இருந்தது, எங்களிடம் தங்கி நிலத்தில் ஊறிய அந்த மழையால்தான். எங்களை வருத்திய வெள்ளமே எங்கள் கிணறுகளைக் காப்பாற்றியும் இருந்தது.

கதியால் செய்த சிக்கல்

வண்டில் இறுகிய அன்றைக்கே பனைமட்டை வேலிகள் எல்லாம் மறைந்தன. யாரும் யாரையும் குற்றம் சொல்லவில்லை. சொல்ல யாருக்கு முகம் இருந்தது? ஆனால் உண்மையான வேலி ஒரு முழம் உள்ளே போகாவிட்டால் ஒழுங்கையில் கானும் வண்டிலும் சேர்ந்து இடம் கொள்ளாது.

அதற்குத்தான் கதியால் குறுக்கே நின்றது. பூவரசும் கிளுவையும் வெட்டி நட்டு, வேர்விட்டு மரமாக நிற்கிற வேலி அது. வெயில் காலத்தில் பிடுங்கி நட்டால் செத்துப்போகும். மழை விழுந்த பிறகு நட்டால்தான் பிடிக்கும். மழை விழுந்தால் கான் வெட்ட முடியாது. “முதல் மழைக்குப் பிறகு பாப்பம்” என்று ஆண்கள் சொன்னார்கள். அவர்கள் சொன்னதில் பொய் இல்லை.

ஓவசியர் இரண்டாம் கூட்டத்தில் முடிவாகச் சொல்லிவிட்டுப் போனார். ஐப்பசி பிறக்க முன்னம் வேலை தொடங்காவிட்டால் கல்லும் சுண்ணாம்பும் வேறு ஊருக்குப் போய்விடும். கேட்டுவந்த சவிரிமுத்து சாப்பிட்டார். கை கழுவும்போது, “அக்காவுக்குச் சொல்லி அனுப்பினனான், தை மாதம் வருவமெண்டு” என்றார்.

பெண்கள் நடந்த வழி

யாழ்ப்பாணத்துக்கு வெளியே உள்ள வாசகர்களுக்காக ஒன்று சொல்லவேண்டும். இரண்டு வளவுகளுக்கு நடுவே உள்ள வேலியில் ஒரு ஆள் பக்கவாட்டில் நுழையக்கூடிய இடைவெளி இருக்கும். அதைப் பொட்டு என்போம். வாசல் படலையால் ஒழுங்கைக்கு வந்து அடுத்த வீட்டுக்குப் போவது ஆண்களின் வழக்கம். நெருப்புத்தணல் வாங்கவும், தேங்காய்ப் பாதி கேட்கவும், தண்ணீர் அள்ளவும் பெண்கள் பொட்டால்தான் போவோம். என்னைப்போல ஆட்களைக் கண்டால் ஒளிக்கிறவளுக்குப் பொட்டுத்தான் தெரு.

வெள்ளம் ஏறிய நாளிலிருந்து எங்கள் கிணறு கலங்கிக் கிடந்தது. நான் அன்னம்மா அக்கா வீட்டுக் கிணற்றில்தான் அள்ளினேன். ஒரு மத்தியானம் நிறைகுடத்தோடு பொட்டுக்குள் நுழைந்தபோது கதியாலில் இடித்துக் குடம் சரிந்து, பாதித் தண்ணீர் கொட்டிவிட்டது.

நான் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றேன். கொட்டிய தண்ணீர் அங்கே நிற்கவில்லை. எங்கள் கால்பட்டுத் தேய்ந்த ஒற்றையடிப் பாதையால், வேலி ஓரமாக, புழுதியைத் தள்ளிக்கொண்டு எனக்கு முன்னால் எங்கள் வீட்டுக்குப் போனது. குளத்துப் பக்கமாகத் திரும்பி, அங்கே மணல் குடித்தது.

திரும்பி மேலே பார்த்தேன். அன்னம்மா அக்காவின் வளவிலும் வேலியின் உட்பக்கமாக அதே பாதை, முற்றத்தைவிடத் தாழ்ந்து, மழைத் தண்ணீர் அரித்த தடத்தோடு போனது. கானை வேலிக்கு வெளியே வெட்டத்தான் வேலி நகரவேண்டும். வேலிக்கு உள்ளே வெட்டினால் ஒரு கதியாலையும் அசைக்கத் தேவையில்லை. யாருடைய நிலமும் வேலிக்கு வெளியே போகவும் மாட்டாது. வளவுக்கு வளவு தண்ணீர் பொட்டுகளால் இறங்கிவிடும். பாதிக் கானைப் பெண்கள் நடந்து நடந்து முன்பே வெட்டி வைத்திருந்தோம்.

அன்னம்மா அக்காவிடம் சொன்னேன். அவ அரிசி புடைக்கிறதை விட்டுவிட்டு என்னைப் பார்த்தா. “அடி மதலேன், உனக்கு வாய் இருக்கிறதெண்டு எனக்கு இண்டைக்குத்தான் தெரியும்” என்றா. பிறகு அவவின் முகம் வாடிவிட்டது. “எல்லாம் சரி. மேல்வேலியிலை பொட்டு இல்லையே” என்றா.

கருக்கு மட்டைக்கு அப்பால்

அன்னம்மா அக்காவுக்கு மேல்வளவு தெய்வானை அக்காவுடையது. இரண்டு பேருக்கும் எல்லை வழக்கு. எல்லையில் நின்ற ஒரு பனை யாருடையது என்று தொடங்கி, ஒரு சாண் நிலத்துக்காக வழக்காடக் கோட்டுப் படி ஏறினார்கள். பனங்காய் முழுவதையும் வழக்குப் பேசிய அப்புக்காத்துமார் தின்று தீர்த்தார்கள் என்று ஊர் சிரித்தது. கடைசியில் ஒரு புயலில் பனை விழுந்தது. வழக்கும் விழுந்தது. கோபம் மட்டும் விழவில்லை. இரண்டு வளவுக்கும் நடுவில் இருந்த பொட்டைக் கருக்கு மட்டையால் அடைத்தார்கள். கருக்கு மட்டை என்றால் அரத்தின் பல்போல விளிம்புள்ள பனைமட்டை. அதற்குள் கோழியும் நுழையாது. அதற்குப் பிறகு இரண்டு பேரும் ஒரு சொல் பேசவில்லை.

“நான் செத்தாலும் அந்த வேலிக்குக் கிட்டப் போமாட்டன். நீ போ” என்றா அன்னம்மா அக்கா.

படலையால் போய், முகத்துக்கு நேரே நின்று கேட்க என்னால் முடியாது. ஆகவே அன்னம்மா அக்காவின் வளவுக்குள் நின்றபடியே, அடைத்த பொட்டுக்குக் கிட்டப் போனேன். மற்றப் பக்கத்தில் கிடுகு பின்னுகிற சரசரப்புக் கேட்டது. தெய்வானை அக்கா விதவை. கிடுகு பின்னி விற்றுத்தான் சீவித்தா.

“ஆரது, வேலிக்குள்ளை?”

“நான் அக்கா. மதலேன்.”

“அன்னம்மா அனுப்பினவவோ?”

“இல்லை. நானாத்தான் வந்தனான்.”

எப்படிச் சொல்லி முடித்தேன் என்று நினைவில்லை. சொல்லும்போது பின்னுகிற சத்தம் நிற்கவே இல்லை. முடிந்த பிறகு அவ கேட்டா.

“உன்ரை வீட்டுத் தண்ணிக்கு நான் ஏன் பிள்ளை வழி விடவேணும்?”

“என்ரை வீட்டுத் தண்ணி இல்லை அக்கா. உங்கடை வளவிலை விழுந்து எங்கடை வீட்டுக்கு வாற தண்ணி.”

கிடுகுச் சத்தம் நின்றுவிட்டது. நடுவில் வேலி இல்லாவிட்டால் அந்தச் சொல் என் வாயால் வந்திராது.

மெல்லிய குரலில் அவ சொன்னா. “பொட்டைத் திறந்தா எல்லையை விட்டமாதிரி. தெய்வானை தானே வேலியை வெட்டினவள் எண்டு நாளைக்கு அவள் கோட்டிலை போய்ச் சொல்லுவாள். அந்த ஒரு சாணுக்காக நான் என்ரை சங்கிலியை வித்தனான், தெரியுமோ?”

“வேலியை வெட்ட வேண்டாம் அக்கா. கீழாலை தண்ணி போனாக் காணும். மேலை ஒரு பெரிய கல்லுப் போடுவம். நீங்கள் சொல்லுற எல்லையும் அவ சொல்லுற எல்லையும் ரெண்டும் அந்தக் கல்லுக்குள்ளை வாறமாதிரி.”

“கல்லு ஆரின்ரை?”

அதை நான் யோசித்திருக்கவில்லை. “சங்கத்தின்ரை” என்றேன்.

மற்றப் பக்கத்தில் ஒரு சிரிப்புக் கேட்டது. “சங்கத்தின்ரை எண்டா அவளும் வழக்குப் போடேலாது, நானும் போடேலாது. நல்ல கதை. போய்ச் சொல்லு, அவளின்ரை கோழி மட்டும் கல்லுக்கு இஞ்சாலை வரப்படாது எண்டு.”

எனக்குப் பின்னால் குசினிக்குள் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த அன்னம்மா அக்கா, “அதைக் கோழியிட்டை ஆர் சொல்லுறது?” என்று எனக்கு மட்டும் கேட்கச் சொன்னா.

அலவாங்குச் சத்தம்

செய்தி தெய்வானை அக்காவின் மேல்பொட்டால் ஏறி, வீடு வீடாகப் போய், ஸ்ரேசன் ஐயாவின் மனைவியிடம் சேர்ந்தது. அடுத்த கூட்டத்தில் ஸ்ரேசன் ஐயா அதை ஓவசியருக்குச் சொன்னார். தன் யோசனை என்று அவர் சொல்லவில்லை. “எங்கடை பெண்டுகளின்ரை யோசனை” என்றாராம். அது போதும் எனக்கு.

ஓவசியர் அடுத்த கிழமையே வந்து, மேல்முனையிலிருந்து ஒவ்வொரு பொட்டாலும் குனிந்து குனிந்து நுழைந்து வந்தார். தொப்பி கதியாலில் மாட்டிக்கொண்டது. அரைப் போத்தல் தண்ணீரைப் பலகையில் படுக்க வைத்துச் சரிவு பார்த்தார். வழி நல்லது, ஆனால் ஒரு இடத்தில் பிழை என்றார். அடைத்த பொட்டடியில் இத்தனை வருடம் ஒருவரும் நடக்காததால் அங்கே மட்டும் நிலம் உயர்ந்து நின்றது. அடியில் கல். அதை ஒரு முழம் ஆழமாக உடைக்காவிட்டால் தண்ணீர் திரும்பித் தெய்வானை அக்காவின் வீட்டுக்குள் போயிருக்கும். அவர் வராமல் நாங்களே வெட்டியிருந்தால் என் வீட்டைக் காப்பாற்றி அவவின் வீட்டைக் கெடுத்திருப்பேன்.

சங்கத்தின் கல்லும் சுண்ணாம்பும் பெரிய தெருவடி மதகுக்கும் குளத்துக்கட்டு மதகுக்கும் போயின. அவை பொது இடம். எல்லையில் போடுகிற கல்லும் சங்கத்துக்கே எழுதப்பட்டது. நடுவில் உள்ளதை அவரவர் வளவில் அவரவர் வெட்டினார்கள். மேசனின் கூலிக்காக ஒவ்வொரு வீட்டிலும் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசி எடுத்துவைத்தோம். வெட்ட ஆண்பிள்ளை இல்லாத தெய்வானை அக்கா தன் பங்குக்குக் கிடுகு தந்தா. எங்கள் விழுந்த வேலி அந்தக் கிடுகால்தான் எழும்பியது. ஸ்ரேசன் ஐயா சொன்னபடி இரண்டு பங்குக்கும், தன் வளவிலும் தெய்வானை அக்காவின் வளவிலும் வெட்ட, கூலியாள் பிடித்தார். தானும் ஒருநாள் கல் உடைக்கிற அலவாங்கு தூக்கிப் பார்த்துவிட்டு, மறுநாள் முதுகுக்கு எண்ணெய் பூசிக்கொண்டு சாய்மனைக் கதிரையில் கிடந்தார்.

எல்லைக் கல்லை ஓவசியர் தன் ஊரில் பார்த்துச் சொன்னார். சவிரிமுத்துவின் வத்தையில் அது புங்குடுதீவிலிருந்து வந்தது. நாலு பேர் சேர்ந்து பொட்டடியில் இறக்கினார்கள். இறக்கும்போது அன்னம்மா அக்கா ஒரு பக்கத்திலும் தெய்வானை அக்கா மற்றப் பக்கத்திலும் நின்று, தங்கள் தங்கள் எல்லை கல்லுக்குள் வருகிறதா என்று பார்த்தார்கள். ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

கல்லைச் சுமந்த களையில் சவிரிமுத்து எங்கள் முற்றத்தில் இருந்து கூழ் குடித்தார். “வேலை நல்லாத்தான் இருக்கு. தண்ணி வரட்டும், பாப்பம்” என்றார். விற்கிற கதையை அவர் எடுக்கவும் இல்லை, விடவும் இல்லை.

தண்ணீர் வந்தபோது

கார்த்திகையில் ஒரு பின்னேரம் காரைநகர்ப் பக்கமாக வானம் கறுத்தது. வாடைக்காற்று ஓலையைப் பிய்க்கிறதுபோல அடித்தது. பிறகு மழை. போன வருடம் சுவரைக் கரைத்த மழையைவிடக் கடுமையானது.

சவிரிமுத்து சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றார். நான் பொட்டடியில் நின்றேன். மேலே தண்ணீர் இரைகிற சத்தம் கேட்டது. ஆனால் எங்கள் கானுக்குள் வந்தது விரற்கடைத் தண்ணீர்தான். நேரம் போகப் போக அதுவும் குறைந்தது. மேலே எங்கோ அடைத்துவிட்டது.

நான் அன்னம்மா அக்காவின் வளவுக்குள் ஓடினேன். எல்லைக் கல்லடியில் ஓலையும் மட்டையும் கிடுகுத் துண்டும் வந்து இறுகி, அப்பால் தண்ணீர் முழங்கால் உயரத்துக்கு ஏறிக்கொண்டிருந்தது. அன்னம்மா அக்கா சேலையை இடுப்பில் சொருகிக்கொண்டு கானுக்குள் இறங்கி, கல்லுக்குக் கீழே கையை விட்டு இழுத்துக்கொண்டிருந்தா. மற்றப் பக்கத்தில் தெய்வானை அக்காவும் தண்ணீருக்குள் இறங்கி நின்றது கிடுகு இடுக்கால் தெரிந்தது.

இருவரும் இழுத்தார்கள். மட்டை அசையவில்லை.

“ரெண்டு பக்கமும் இழுத்தா எப்பிடி வரும்?” என்று அன்னம்மா அக்காதான் முதலில் கத்தினா. “நீ தள்ளு, நான் இழுக்கிறன்.”

“நான் தள்ளத்தானே நிக்கிறன். நீ கையை எடு, நகம் போகப்போகுது.”

“என்ரை நகத்தை நான் பாக்கிறன். தள்ளடி.”

தெய்வானை அக்கா காலால் உதைத்துத் தள்ளினா. மட்டையும் ஓலையும் ஒன்றாகப் பிடுங்கிக்கொண்டு வந்து அன்னம்மா அக்காவைக் கானுக்குள் இருத்திவிட்டன. அதற்குப் பின்னால் தண்ணீர் வந்தது. செம்மண் நிறத்தில், நுரையோடு, சந்தைக் குப்பையும் பூவரசம் இலையும் சுமந்துகொண்டு, அன்னம்மா அக்காவைத் தாண்டி, பொட்டைத் தாண்டி, எங்கள் வளவுக்குள் இறங்கியது. நான் அதோடு கூட ஓடினேன். அது எங்கள் குசினியடியில் வளைந்து, கரையைத் தொடாமல், குளத்துக்கட்டு மதகுக்குள் புகுந்தது. குளத்துக்குள் அது விழுந்த சத்தத்தை நான் எப்படி எழுதுவேன்? கோயில் மணி கேட்டும் எனக்கு அவ்வளவு சந்தோஷம் வந்ததில்லை.

மழை விட முன்னமே எல்லாரும் பொட்டுகளால் வந்துவிட்டார்கள். ஸ்ரேசன் ஐயா குடையோடு பொட்டுக்குள் நுழையப் பார்த்துக் குடையை விரித்தபடியே மாட்டிக்கொண்டார். தன் சீமெந்து முற்றத்துத் தண்ணீர் எது என்று பார்க்க வந்தவர்போல மதகடியில் வெகுநேரம் நின்றார். அன்னம்மா அக்காவும் தெய்வானை அக்காவும் தள்ளித் தள்ளித்தான் நின்றார்கள். ஆனால், “சேலை முழுக்கச் சேறு” என்று தெய்வானை அக்கா யாருக்கோ சொல்வதுபோலச் சொல்ல, “ஆர் உதைச்சது?” என்று அன்னம்மா அக்கா யாருக்கோ சொல்வதுபோலக் கேட்டா.

எங்கள் ஒழுங்கையைவிடப் பெரிய கான்களைப் பிறகு நான் யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் பார்த்திருக்கிறேன். அவற்றைக் கட்டியவர்கள் பெரிய படிப்புப் படித்தவர்கள். இருக்கட்டும். எங்கள் கானைப் பற்றி எனக்குள்ள பெருமை அவற்றைப் பார்த்துக் குறையவில்லை. மழை எவ்வளவு விழுகிறதோ அவ்வளவு பங்கு கொடுத்து, ஒரு கதியாலையும் பிடுங்காமல், ஒரு கிணற்றையும் உவராக்காமல் நாங்கள் அதை வெட்டினோம். அதில் என் பங்கும் இருக்கிறது என்று இன்றைக்குத்தான் முதல்முறையாக எழுத்தில் சொல்கிறேன்.

எல்லாரும் போன பிறகு சவிரிமுத்து வீட்டுக்குள் போய், குந்தியிருந்து, தரையைக் கையால் தடவிப் பார்த்தார். “காஞ்சுதான் கிடக்கு” என்றார். நான் அடுப்பை மூட்டினேன்.

அடுத்த நாள் காலையில் அவர் சுருவிலுக்குப் போய், நாங்கள் வரவில்லை என்று அக்காவிடம் சொல்லிவிட்டு, மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு வந்தார். அன்றைக்கும் பின்னேரம் மழை பெய்தது.